குதிரை கேட்டார் மச்சான், பாம்பு என்று வந்தது: சீன ராசி நாணயங்களில் எதை வாங்கலாம்?

பொங்கல் முடிந்த வாரம் லாஸ்பேட்டையிலிருந்து மச்சான் போன் செய்தார். மகளுக்கு 12 வயது முடிகிறது, கொலுசும் வேண்டாம் டிரெஸ்ஸும் வேண்டாம், காலத்துக்கும் நிற்கிற மாதிரி சீன ராசி நாணயம் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், நீங்கள்தான் பதினைந்து வருஷமாக இதைச் சேர்க்கிறீர்கள், எதை வாங்கட்டும் என்று கேட்டார். பிள்ளை பிறந்தது 2014. அது குதிரை வருஷம். 2026-உம் குதிரை வருஷம். அதனால் குதிரை என்று அவரே முடிவு செய்துவிட்டார், எந்த நாட்டுக் குதிரை என்பது மட்டும்தான் பாக்கி.

நான் முதலில் கேட்டது பிறந்த தேதியை. ஜனவரி 18 என்றார். அப்படியென்றால் அவள் குதிரை இல்லை, பாம்பு.

இதைப் பலரும் கவனிப்பதில்லை, அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன். சீனப் புத்தாண்டு சந்திரனை வைத்து வருவது, ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் நடுவில் ஏதாவது ஒரு நாளில் பிறக்கும். 2014-இல் குதிரை பிறந்தது ஜனவரி 31 அன்று. அதற்கு முன்னால், 2013 பிப்ரவரி 10 முதல் 2014 ஜனவரி 30 வரை, பாம்பு. ஆனால் நாணயத்தில் பொறிப்பது ஆங்கில வருஷத்தை. ஆகவே ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, அந்த வருஷச் சீனப் புத்தாண்டுக்கு முன்னால் பிறந்த யாருக்காவது பிறந்த வருஷ நாணயம் வாங்குவதென்றால், முந்தைய வருஷத்தைப் போட்டதைத்தான் தேட வேண்டும். 2014 என்று போட்ட குதிரையை ஆசையாக வாங்கிக் கொடுத்து, பிள்ளை வளர்ந்து தானே தெரிந்துகொண்டால் மனசு கஷ்டப்படும். போனில் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது: "மாமா, அப்போ நான் பாம்பா?" பக்கத்திலிருந்த அத்தை உடனே, நாகாத்தம்மனுக்கு வேண்டிப் பிறந்த பிள்ளைக்குப் பாம்பைத் தவிர வேறென்ன வரும் என்று சொல்லிவிட்டார். அதோடு அந்த விவகாரம் தீர்ந்தது.

எந்த நாணயம் என்ற கேள்விதான் பெரியது. கடலூரிலும் புதுச்சேரியிலும் இதைக் கேட்கிற மூன்றாவது ஆள் மச்சான், அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நம் ஆட்களுக்கு இந்த ராசிக் கணக்கு புரிவதற்கு நேரமே ஆகாது. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷச் சுற்று. அவர்களுக்கு 12 விலங்கு, ஐந்து பூதம் (மரம், நெருப்பு, மண், உலோகம், நீர்), சேர்ந்தால் அதே 60. 2026 நெருப்புக் குதிரை. இதற்கு முந்தைய நெருப்புக் குதிரை 1966. நம் கணக்கில் இரண்டு வருஷமும் சித்திரையில் பராபவ. நெருப்புக் குதிரையில் பெண் பிறந்தால் ஆகாது என்ற நம்பிக்கையில் ஜப்பானில் 1966-இல் பிறப்பு எண்ணிக்கை கால்வாசி குறைந்தது. நட்சத்திரம் பார்த்துப் பெண் கேட்கிற ஊரில் இருக்கும் நமக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றாது.

இந்த விலங்குகளை வருஷா வருஷம் நாணயத்தில் போடும் பழக்கம் சீனாவில் தொடங்கவில்லை. 1976-இல் ஹாங்காங், அன்றைக்குப் பிரிட்டிஷார் கையில் இருந்தபோது, 1,000 டாலர் டிராகன் தங்கக் காசைப் போட்டது. 1979-இல் மக்காவ். 1981 சேவல் வருஷத்தில் சீனாவும் சிங்கப்பூரும் வந்தன. அப்புறம் 1996-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த், 1998-இல் கனடா, 2006-இல் பாரிஸ், 2014-இல் பிரிட்டன். இப்போது பசிபிக் தீவு நாடுகளின் பெயரில் தனியார் அடித்துத் தள்ளுகிற வண்ணக் காசுகளையும் சேர்த்தால் ஒரு வருஷத்துக்கு எத்தனை வகை வருகிறது என்று எண்ணி முடியாது. எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் வீட்டை அடகு வைக்க வேண்டியிருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

பெரும்பாலும் எல்லோரும் முதலில் கேட்பது பெர்த் வெள்ளியைத்தான். அதிலிருந்தே தொடங்குவோம்.

பெர்த் நாணயச்சாலை 1899-இல் தொடங்கியது. ராசித் தொடரைத் தங்கத்தில் 1996-இலும் வெள்ளியில் 1999-இலும் ஆரம்பித்தார்கள். இரண்டாம் தொடர் 2008 முதல் 2019 வரை. மூன்றாம் தொடர் 2020-இல் தொடங்கியது, 2031-இல் முடியும். நம்மவர்கள் வாங்குவது 1 அவுன்ஸ் வெள்ளி. இந்த அவுன்ஸ் ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். முதல் இரண்டு தொடர்களிலும் இந்த அளவில் வருஷத்துக்கு 3,00,000-க்கு மேல் அடிப்பதில்லை என்று வரம்பு வைத்திருந்தார்கள். கேப்சூல் என்கிற கெட்டியான வட்டப் பிளாஸ்டிக் டப்பிக்குள்ளேயே வரும், கை படாது. கையில் வைத்துப் பார்த்தால் விலங்கு மட்டும் மங்கலாகவும் பின்னணி கண்ணாடி மாதிரியும் இருக்கும், வெயிலில் லேசாகத் திருப்பினால் அந்தப் பின்னணி முழுக்கக் கறுத்து விலங்கு மட்டும் வெள்ளையாக எழுந்து நிற்கும். அந்த ஒரு காட்சிக்காகவே நான் இதில் விழுந்தேன்.

இதில் இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும். முதலாவது, அளவு. இரண்டாம் தொடர் நாணயம் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் அகலம், மெல்லியது. மூன்றாம் தொடர் ஏறக்குறைய 41, தடிமன் கூடுதல். எடை ஒன்றுதான், ஆனால் ஒரே ஆல்பத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி இருக்கும். மச்சான் மகளுக்கு 2013 பாம்பு வாங்கினால் அது இரண்டாம் தொடர். 2025 பாம்பு வாங்கினால் மூன்றாம் தொடர், ராணி போய் மன்னர் சார்லஸ் தலை வந்துவிட்டது. இரண்டாவது, விலை. வெள்ளி இப்போது நாளுக்கு ஒரு விலை விற்கிறது, அதனால் ரூபாயை மனப்பாடம் செய்து பயனில்லை, கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அன்றைய கிராம் விலையை 31.1-ஆல் பெருக்குங்கள். கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் வெள்ளி 6,220 ரூபாய். விற்பவர் கேட்கும் விலையில் இதைக் கழித்தால் மிச்சம் என்னவோ அதுதான் நீங்கள் படத்துக்கும் வருஷத்துக்கும் கொடுக்கும் பணம். நடப்பு வருஷ நாணயத்துக்கு அந்த மிச்சம் மிதமாக இருந்தால் சரி. டிராகனுக்கு எப்போதும் தனி விலைதான், 2012 டிராகனுக்குக் கேட்கிற பணத்தில் வேறு இரண்டு விலங்குகள் வாங்கிவிடலாம்.

விற்கப் போகும்போது அந்த மிச்சம் திரும்ப வருமா என்றால், நேரு வீதியில் வெள்ளிக் கடைக்கு எடுத்துப் போனால் வராது. அவர்களுக்கு அது 31 கிராம் வெள்ளி, அவ்வளவுதான், வெளிநாட்டுக் காசு என்று உருக்கிப் பார்க்காமல் வாங்கவே தயங்குகிறவர்களும் உண்டு. படத்துக்கும் வருஷத்துக்கும் பணம் தர இன்னொரு சேகரிப்பாளர் வேண்டும், அவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். முதலீடு என்று மட்டும் பார்த்தால் உள்ளூரில் 3 சதவீத ஜிஎஸ்டி கட்டி பில்லோடு சாதாரண வெள்ளிக் காசு வாங்குவதே மேல். தொடராகச் சேர்ப்பதென்றால் 12 நாணயத்துக்கு 373 கிராம் வெள்ளி. பாதி அவுன்ஸ் வகையும் இருக்கிறது, 15.55 கிராம், மாதச் சம்பளக்காரருக்கு அதுதான் தாங்கும்.

பிரிட்டன் தொடரைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2014 குதிரையில் ஆரம்பித்த தொடர், அதனால் 2025 பாம்போடு ஒரு சுற்று முடிந்துவிட்டது. வூன்-கியன் ஹோ என்ற ஓவியர் வரைந்த அந்த முதல் குதிரை அழகானது, பின்னால் இங்கிலாந்தின் அஃபிங்டன் குன்றில் சுண்ணாம்பில் வெட்டிய பழைய வெள்ளைக் குதிரையும் தெரியும், இரண்டு நாட்டுக் குதிரை ஒரே காசில். அதே வருஷம் அச்சு மாறி, பிரிட்டானியா என்ற அவர்களின் இன்னொரு வெள்ளி நாணயத்துக்கான ராணி பக்கம் ஏறத்தாழ 17,000 குதிரை நாணயங்களில் விழுந்துவிட்டது. ராணி தலையைச் சுற்றி ஓரத்தில் பல் பல்லாக வரிசை இருந்தால் அது மாறிய அச்சு. அதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். யாராவது 2014 குதிரையை உங்களிடம் காட்டினால் ஓரத்தை மட்டும் ஒரு தரம் பாருங்கள். மற்றபடி, இங்கிருந்து வாங்குகிறவருக்குப் பெர்த்தைவிட இதில் தனி லாபம் எதுவும் எனக்குத் தெரிவதில்லை.

பாரிஸ் நாணயச்சாலை விஷயம் புதுச்சேரிக்காரருக்கு மட்டும் தனி. அது 864-ஆம் வருஷத்திலிருந்து இயங்குகிறது. 2006 முதல் 2017 வரை அவர்கள் போட்ட தொடரில் ராசி விலங்கோடு இன்னொரு பக்கம் விலங்குக் கதைகள் எழுதிய லா ஃபோன்தேனுக்குக் கொடுத்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், பிரெஞ்சு வாத்தியாரிடம் காகமும் நரியும் கதையை மனப்பாடம் செய்த தலைமுறை இன்னும் நம் ஊரில் இருக்கிறது. சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள், வீடுகளில் பாதிப் பிள்ளைகள் பாரிஸில்தான் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்ல முடிந்தால், தாத்தாவுக்குப் பரிசாகக் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பிள்ளைக்கு என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன், அவளுக்கு லா ஃபோன்தேனும் தெரியாது, பழைய வருஷங்களைத் தேடிப்பிடிப்பதும் கஷ்டம்.

சீன அரசின் தங்கம், வெள்ளி நாணயங்கள் அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். விசிறி வடிவம், பூ இதழ் வடிவம் என்றெல்லாம் போடுவார்கள். ஆனால் விலை அதிகம், போலியும் அதிகம். நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத நம் ஊரில் இருந்துகொண்டு அதைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து.

ஆனால் அதே சீனாவின் 10 யுவான் நாணயம் வேறு கதை. இதைத்தான் நிறையப் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

அங்கே புழக்கத்துக்கான நாணயமாகவே ராசி விலங்கை வெளியிடுகிறார்கள். முதல் சுற்று 2003 ஆட்டிலிருந்து 2014 குதிரை வரை, 1 யுவான், பித்தளை நிறம், 25 மில்லிமீட்டர். இரண்டாம் சுற்று 2015 ஆட்டிலிருந்து, 10 யுவான், நம் பத்து ரூபாய்க் காசு மாதிரி இரண்டு நிறம், அதே 27 மில்லிமீட்டர் அகலம். விலங்குகளை அவர்கள் ஊர் காகிதம் வெட்டும் கலைப் பாணியில் வரைந்திருப்பார்கள், சேவலின் வால் ஒவ்வொரு இறகாக, பன்றியின் வயிற்றில் பூ வேலைப்பாடு. இந்த வருஷக் குதிரையோடு இந்தச் சுற்றின் 12-உம் நிறைகிறது. ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி, எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை. அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, விட்டுப்போனதும் இல்லை, இன்று நினைத்தால் முழு செட்டாக முடித்துவிடலாம். சேர்க்கிறவர்களுக்கு இந்த "முடிந்தது" என்ற சொல்லின் சுகம் தெரியும்.

அச்சிட்ட எண்ணிக்கை கோடிக்கணக்கில், 2016 குரங்கு மட்டும் 50 கோடி. ஆகவே விலை பறக்காது. பறக்காது என்பதே எனக்கு நல்ல விஷயமாகப் படுகிறது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை பயமில்லாமல் எடுத்துப் பார்க்கலாம், பள்ளிக்கூடத் தோழிக்குக் காட்டலாம், தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். முக மதிப்பு நம் பணத்தில் நூற்றுச் சொச்சம். நான் என் செட்டை ஒவ்வொன்றாகச் சேர்த்தபோது சராசரியாக ஒன்றுக்கு 350 ரூபாய் ஆனது, தபால் செலவு சேர்த்து. இதைவிட ரொம்ப அதிகம் கேட்டால் விட்டுவிட்டு வேறு ஆளிடம் கேளுங்கள். முதல் சுற்று 1 யுவானில் 2003 ஆடு ஒரு கோடிதான் அடித்தார்கள், அதற்கு விலை கூடும். 2024 டிராகனிலிருந்து 20 யுவான் பிளாஸ்டிக் நோட்டும் சேர்த்து விடுகிறார்கள், அது நாணயக்காரர்களின் பாக்கெட்டைக் குறிவைத்த வேலை என்று எனக்குத் தோன்றுகிறது, வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பீச் ரோடு பக்கம் கடைகளில் சிவப்புக் கயிற்றில் கோத்து, நடுவில் சதுர ஓட்டை போட்ட காசு விற்பார்கள். வாஸ்து காசு என்பார்கள். அது பழைய சீனக் காசின் நகல், அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதேபோல் தங்க முலாம் பூசி வெல்வெட் பெட்டியில் 12 விலங்கும் வைத்து விற்கிற செட் ஆன்லைனில் நிறைய. நாட்டின் பெயரும் முக மதிப்பும் இரண்டுமே அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது நாணயமே இல்லை, பதக்கம்.

இனி சிங்கப்பூர். என் மனசு இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் சாய்வாகவே எழுதுவேன்.

சிங்கப்பூர் 1981 சேவலில் தொடங்கி 12 வருஷத்துக்கு ஒரு தொடராக விடாமல் போட்டு வருகிறது, இப்போது நடப்பது நான்காவது தொடர், 2017-இல் தொடங்கியது. வெள்ளியிலும் உண்டு, விலை குறைந்த சாதாரண உலோகத்திலும் உண்டு. ஒரு பக்கம் விலங்கு. திருப்பினால் அந்த நாட்டுச் சின்னம், அதைச் சுற்றி நான்கு ஆட்சி மொழிகளில் நாட்டின் பெயர். அதில் ஒன்று தமிழ். சீன ராசி விலங்கு போட்ட காசில் "சிங்கப்பூர்" என்று நம் எழுத்து. முதன்முதலில் இதை பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ப்-க்கு மேல் இருக்கும் அந்தப் புள்ளி தனியாகக் கடுகு மாதிரி எழுந்து நிற்பதைப் பார்த்தபோது, எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெளிநாட்டு அக்கசாலை ஒன்றில் யாரோ அந்தப் புள்ளியைக் கூட விடாமல் வெட்டியிருக்கிறார்கள்.

நமக்கு இது முற்றிலும் புதிது என்றும் சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே அடித்த செப்புத் துட்டில் ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி. அந்தத் துட்டு ஒன்றும் சிங்கப்பூர் ராசி நாணயம் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், கடல் தாண்டி வந்தவர்கள் நம் எழுத்தைக் காசில் போட்டதும், கடல் தாண்டிப் போனவர்களுக்காக நம் எழுத்து காசில் ஏறியதும் ஒரே உள்ளங்கையில் இருக்கும். கடலூர், பரங்கிப்பேட்டை பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது சிங்கப்பூரில் ஆள் இருக்கிறது. வாங்கிவரச் சொல்வது சுலபம்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்: ஆபரணமாக இல்லாத தங்கமும் வெள்ளியும் எந்த வடிவில் வந்தாலும் விமானப் பயணிக்கான வரிவிலக்கில் சேராது. நண்பரிடம் வெள்ளி நாணயம் கொண்டுவரச் சொன்னால், சுங்கத்தில் அறிவித்து வரி கட்டும் வேலையையும் சேர்த்துத்தான் அவர் தலையில் வைக்கிறீர்கள். அதைச் சொல்லாமல் பையில் திணிக்கச் சொல்வது நட்புக்கு அழகில்லை. சாதாரண உலோக வகைக்கு அந்தத் தங்கம்-வெள்ளிச் சிக்கல் இல்லை. தபாலில் வரவழைத்தாலும் வெள்ளிக்கு வரி உண்டு, விலை ஒப்பிடும்போது அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

போலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பணம் கொடுத்துக் கற்றது. சில வருஷம் முன்னால் ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் பெர்த் 2012 டிராகன் வாங்கினேன். விலை கொஞ்சம் மலிவு, அப்போதே யோசித்திருக்க வேண்டும். வந்தது. பளபளப்பு சரி, எழுத்து சரி. திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த பத்தரிடம் எடுத்துப் போய் எடை பார்த்தேன், 31.1 கிராம், அதுவும் சரி. காந்தத்தில் ஒட்டவில்லை. ஆனால் என்னிடம் இருந்த அசல் கேப்சூலில் போட்டால் மூடி உட்காரவில்லை. அந்தச் சின்ன இடைவெளிதான் கையை நிறுத்தியது.

பத்தர் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி மின் தராசில் வைத்தார், தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டார். அப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49, ஆக 31.1 கிராம் வெள்ளிக்குத் தராசு 2.97 காட்ட வேண்டும். அன்றைக்கு 3.5 காட்டியது. செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்துக்கு அதுதான் வரும். வெள்ளி முலாம் பூசியிருந்தார்கள். எடையைச் சரிக்கட்ட தடிமனைக் கூட்டியிருந்தார்கள், அதனால்தான் மூடி உட்காரவில்லை. விற்றவர் அப்புறம் போனே எடுக்கவில்லை.

இந்தச் சோதனையை வீட்டிலும் செய்யலாம், நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். ஆனால் நம் ஊர் போர் தண்ணீரில் செய்யாதீர்கள், உப்பு. காய்ந்தால் புள்ளி விழும். பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள், எடுத்ததும் துடைக்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். ப்ரூஃப் என்று சேகரிப்பாளர்களுக்கென்றே தனியாக மெருகேற்றி அடிக்கிற, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் நாணயத்தில் இதைச் செய்யவே கூடாது, அதற்கு கேப்சூல் அளவும் எடையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற தரச்சான்று நிறுவனங்கள் பிளாஸ்டிக் பெட்டியில் மூடி 70 வரை மதிப்பெண் போட்டுத் தருகின்றன. அந்தப் பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் உண்டு, அதனால் பெட்டியில் இருக்கும் எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டுப் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 10 யுவானுக்கெல்லாம் இவ்வளவு பாடு வேண்டாம்.

பாதுகாப்பதிலும் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வேலை கூட. வெள்ளியைக் கறுக்க வைப்பது காற்றில் இருக்கும் கந்தகம், ஈரம் அதை வேகப்படுத்தும். ரப்பர் பேண்ட், செய்தித்தாள் இரண்டிலிருந்தும் கந்தகம் வரும், அவற்றில் சுற்றாதீர்கள். மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், பிவிசி என்றால் சில வருஷத்தில் பச்சைப் பிசுக்கு இறங்கும். கெட்டியான கேப்சூல், அதை ஒரு டப்பாவில் வைத்து இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்னால் அந்தப் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.

பெர்த் வெள்ளியில் வெள்ளை வெள்ளையாகப் பால் தெறித்த மாதிரி புள்ளி வந்தால் பயப்பட வேண்டாம், அது நாணயச்சாலையிலேயே தயாரிப்பில் வருகிற குறை, உங்கள் தப்பு இல்லை. தேய்க்க மட்டும் தேய்க்காதீர்கள். என் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த கையோடு, என் 2016 குரங்கையும் கேப்சூலிலிருந்து எடுத்து விபூதி போட்டுத் தேய்த்துப் பூஜை அறையில் வைத்துவிட்டார். கையில் கிடைத்த வெள்ளியைச் சுத்தம் செய்து சாமி முன்னால் வைப்பது அவருக்குத் தெரிந்த மரியாதை. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் திருப்பினால் குரங்கைச் சுற்றி அந்தக் கண்ணாடி முழுக்கத் தலைமுடி மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். இனி அது எடைக்குத்தான் போகும். விற்க மாட்டேன், அது வேறு.

சரி, மச்சானுக்கு நான் என்ன சொன்னேன்.

கையில் இருப்பது பத்தாயிரத்துக்குள் என்றால், அதை ஒரே பெர்த் வெள்ளியில் போட்டுப் பீரோவில் பூட்டாதீர்கள். பிள்ளைக்குக் கொடுப்பது அவள் கையில் இருக்க வேண்டும். 10 யுவான் 12 நாணயமும் முழு செட்டாக வாங்குங்கள், வீட்டில் யார் யார் எந்த விலங்கு என்று அவளே கண்டுபிடிக்கட்டும். மிச்சப் பணத்தில் சிங்கப்பூர் 2013 பாம்பு, வெள்ளி அல்லாத வகை, ஒன்றே ஒன்று. அது அவள் பிறந்த ராசி வருஷம், அவள் படிக்கத் தெரிந்த எழுத்து. வெள்ளிதான் வேண்டும், நாளைக்கு அவசரத்துக்கு உதவ வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பெர்த் நடப்பு வருஷம், நம்பகமான ஆளிடம், பாதி அவுன்ஸிலிருந்து தொடங்கலாம். டிராகனை விட்டுவிடுங்கள். தங்கம் பக்கம் போகவே வேண்டாம், அந்தப் பணத்துக்கு நம் வீட்டில் வேறு நூறு வேலை இருக்கிறது.

மச்சானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், வெள்ளி என்றால் கொடுக்கும்போது கனமாக இருக்குமே என்று. அது நியாயமான நினைப்புதான், பரிசுக்குக் கனம் வேண்டும் என்று நம் ஆட்கள் நினைப்பதை நான் தவறு சொல்ல மாட்டேன். பெட்டியில் 12 நாணயமும் சேர்ந்தால் அதுவும் கனம்தான் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

செட் இரண்டு வாரத்தில் சேர்ந்துவிட்டது, முயல் மட்டும் தாமதம். சிங்கப்பூர் பாம்பைப் பரங்கிப்பேட்டை நண்பர் தன் தங்கை கல்யாணத்துக்கு வந்தபோது சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். நானே லாஸ்பேட்டைக்கு எடுத்துப் போனேன். பிள்ளை பாம்பை ஒரு நொடி பார்த்துவிட்டு உடனே திருப்பினாள், என் பூதக்கண்ணாடியை வாங்கி ஜன்னல் பக்கம் போய் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அப்புறம் அவள் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அத்தை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை பூஜை அறையில் வைத்து எடுக்கலாமா என்று கேட்டார். கேப்சூலைத் திறக்காமல், அப்படியே வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.